மணலில் தேங்கிய தண்ணீர்

சென்னையிலிருந்து வரும் ரயில் கொள்ளிடத்தைத் தாண்டும்போது ஜன்னலோரத்தில் யாராவது ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொள்வார். தென்னைகளுக்கு மேலே ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம், சற்றுப் பொறுத்தால் காவிரி, அதற்கப்பால் மலைக்கோட்டை. வேலை மாற்றலாகி வருகிறவருக்குத் திருச்சி இப்படித்தான் அறிமுகமாகிறது. அப்புறம் சில்லறைக் காட்சிகள் சேரும்: சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒண்ணாம் நம்பர் பஸ், அம்மா மண்டபப் படித்துறையில் திதி கொடுக்க வந்தவர்களின் ஈர வேட்டி, உத்திர வீதியில் விடியுமுன் போட்ட கோலம், கோபுர வாசலுக்குள் புகுந்து போகும் ஸ்கூட்டர். ஏழு மதில்களில் வெளிச் சுற்றுகள் வீடும் கடையுமாக இருப்பதால், இங்கே பால் வாங்கப் போவதுகூடக் கோயிலுக்குள் நடப்பதுதான்.

ஆறு மாதம் போகட்டும். 1987-ல் கட்டி முடித்த 236 அடிக் கோபுரம் போனில் சொல்லும் அடையாளமாகிவிடும். "ராஜகோபுரத்துக்கு எதுத்தாப்ல நில்லுங்க சார், வந்துடறேன்."

இப்படிப் பழகிப்போன கண், கடவுளை இழந்துவிட்டதா, இல்லை இப்போதுதான் அடைந்திருக்கிறதா?

முதல் பார்வையின் வியப்பைத்தான் பக்தி இலக்கியம் பெரும்பாலும் கொண்டாடும். ஸ்ரீரங்கத்திலேயே வாழ்ந்த பிள்ளை லோகாசாரியர் 'ஸ்ரீவசன பூஷணம்' என்ற நூலில் வேறு வழியில் யோசித்தார். தாகத்தோடு நிற்பவனுக்கு இறைவனின் ஐந்து நிலைகளும் ஐந்து விதத் தண்ணீர் என்பது அவர் கணக்கு. உள்ளத்தில் உறைபவன் நிலத்தடி நீர். தோண்டத் தெரிய வேண்டும். வைகுண்டத்தில் இருப்பவன் அண்டத்துக்கு வெளியே உள்ள நீர். பாற்கடலும் எட்டாது. ராமனும் கிருஷ்ணனும் பெருகி ஓடி வற்றிப்போன ஆறு. அந்த ஆறு விட்டுச்சென்ற மடு, கோயிலில் இருக்கும் திருவுருவம்.

கோடைக் காவிரியைப் பார்த்தவருக்கு இதற்கு உரை தேவையில்லை. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு முந்தைய வாரங்களில் பாலத்திலிருந்து பார்த்தால் கண்ணெட்டும் தூரம் மணல், அங்கங்கே தண்ணீர். ஆடு மாடுகள் அதைத்தான் தேடிப் போகும். கைக்கெட்டும் இடத்தில் கிடப்பதே அந்தத் தண்ணீரின் பெருமை. எளிதில் கிடைப்பதற்குச் சம்மதித்த கடவுள், கவனிக்காமல் கடந்துபோகப்படுவதற்கும் சம்மதித்தவராகத்தான் இருக்க வேண்டும்.

ஸ்ரீரங்கத்துக் கடவுளான அரங்கனும் வெளியூர்க்காரர். அயோத்தியிலிருந்து இலங்கைக்கு விபீஷணன் கொண்டுபோன விமானம் வழியில் இங்கே இறக்கப்பட்டு, மறுபடி எழ மறுத்தது என்கிறது தலபுராணம். கோயில் நிர்வாகத்தைச் சீர்ப்படுத்திய ராமானுஜர் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்து காஞ்சியிலிருந்து வந்தவர். சுல்தான் மகளாகச் சொல்லப்படும் துலுக்க நாச்சியார் டில்லியிலிருந்து வந்ததாக மரபு. அவருக்குச் சிலை கிடையாது, சித்திரம்தான். நெல் விளையும் இந்தப் பூமியில் அவர் பொருட்டுப் படைக்கப்படுவது கோதுமை ரொட்டி! தென்கரையிலும் இதே கதை. நத்தர்வலி தர்கா, ஜெர்மானியரான ஷ்வார்ட்ஸ் 1766-ல் கட்டிய கிறிஸ்து ஆலயம், 1960-களில் பல மாநிலத்தாரைத் திருவெறும்பூருக்குக் கூட்டிவந்த பெல் தொழிற்சாலை.

இதை வைத்து ஊருக்கு விருந்தோம்பல் பட்டம் கொடுக்க அவசரப்பட வேண்டாம். திருப்பாணாழ்வார் பக்கத்து உறையூர்க்காரர். காஞ்சியிலிருந்து வந்தவருக்குத் திறந்த ஊர், குலத்தின் பெயரால் ஆழ்வாரை எதிர்க்கரையிலேயே நிறுத்தியது. ஒதுங்கச் சொல்லி லோகசாரங்க முனி கல்லெறிந்தார், பிறகு அரங்கன் ஆணைப்படி அவரே ஆழ்வாரைத் தோளில் சுமந்து உள்ளே சென்றார் என்பது மரபு. தோளைப் பற்றி நெகிழ்ந்து பேசுபவர்கள் கல்லை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். தினமும் கோபுரத்தைக் கண்டும் ஆற்றைத் தாண்ட முடியாதவருக்கு மடு எவ்வளவு அருகில் இருந்து என்ன?

பழக்கம் என்ன செய்யும் என்பதற்குக் கோயிலின் வரலாற்றேடான 'கோயிலொழுகு' ஒரு கதை வைத்திருக்கிறது. 1323-ல் டில்லிப் படை வந்தபோது உற்சவரை எடுத்துக்கொண்டு வெளியேறியவர்களில் முதியவரான பிள்ளை லோகாசாரியரும் ஒருவர். மதுரைப் பக்கம் வழியிலேயே காலமானார். உற்சவர் பல ஊர் சுற்றித் திரும்பியது 1371-ல். அதற்குள் கோயிலில் வேறொரு திருமேனி எழுந்தருளியிருந்தது. எது பழையது என்று சொல்ல, கண்டவர் எவரும் மிஞ்சவில்லை. கோயில் துணிகளை வெளுத்து வந்த முதியவர் ஒருவர் இருந்தார், பார்வை போய்விட்டது. இரண்டு திருமேனிக்கும் திருமஞ்சனம் செய்து, ஈர வஸ்திரத்தைப் பிழிந்த நீரைக் கொடுத்தார்கள். பல வருடம் கையில் பழகிய மணத்தையும் சுவையையும் கொண்டு, 'இவரே நம்பெருமாள்' என்றார் அவர்.

இன்றைக்கும் உற்சவருக்கு அதுதான் பெயர். இடையில் வந்த திருமேனியையும் யாரும் வெளியே அனுப்பவில்லை. திருவரங்க மாளிகையார் என்ற பெயரோடு அவர் கருவறையிலேயே இருக்கிறார். உற்சவ காலத்தில் யாகசாலைக்கு எழுந்தருளுவது அவர் பொறுப்பு.