மாத்திரையை விட்டது யார் குற்றம்?

தூத்துக்குடி முத்தையாபுரத்தை ஒட்டிய உப்பளங்களில் விடியுமுன்பே ஆட்கள் இறங்கிவிடுவார்கள். வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் உப்பை வாரி முடித்தாக வேண்டும். பாத்திகளுக்கு நடுவே ஒதுங்க மறைவில்லை; கழிப்பறை கேட்பது உப்பளப் பெண்களின் நெடுநாள் முறையீடு. அதனால் தண்ணீரையே குறைத்துக் குடிக்கிறார்கள். இப்படி வேலை பார்க்கும் ஒருவருக்கு ரத்த அழுத்தத்துக்கென்று, சிறுநீரை அதிகமாகப் பிரிக்கும் நீர் மாத்திரை எழுதிக் கொடுத்து, தினமும் காலையில் போடச் சொன்னால் என்ன செய்வார்? வேலை நாளில் விட்டுவிட்டு லீவு நாளில் போடுவார். அடுத்த முறை பிரஷர் ஏறியிருக்கும். ஓ.பி. சீட்டில் ‘நான்-கம்ப்ளையன்ட்’ (சொன்னபடி கேட்காதவர்) என்று எழுதப்படும்.

அது மருத்துவக் குறிப்பா, தீர்ப்பா?

இந்தக் கேள்வியைத் தினமும் எண்ணாக மாற்றிக்கொண்டிருப்பவர்கள் தமிழ்நாட்டிலேயே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் உட்கார்ந்து அமெரிக்க நோயாளிகளின் கோப்புகளைப் படித்துக் குறியீடு போடும் ‘மெடிக்கல் கோடிங்’ பட்டதாரிகள் அவர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-10 நோய்க் குறியீட்டுப் பட்டியல், சிகிச்சையைப் பின்பற்றாமைக்கு இசட் 91.1 என்ற ஒரே எண்ணோடு நிறுத்திக்கொண்டது. அமெரிக்கப் பதிப்பு அதைப் பிரித்துப் பிரித்துக் கேட்கிறது. மருந்தைத் தெரிந்தே குறைத்தாரா, தெரியாமலா? தெரிந்தே என்றால், பணமில்லாமலா (91.120), வேறு காரணமா (91.128)? தெரியாமல் என்றால், முதுமைத் தளர்ச்சியாலா (91.130)? பின்னர், நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் தவறினால் போடுவதற்கென்றும் தனி எண்கள் வந்தன. காப்பீட்டுக் கணக்குக்குப் பயன்படும் ஒரு பட்டியல் இவ்வளவு நுட்பமாக மனசாட்சியைத் துருவுவது வேடிக்கைதான்.

அந்த உப்பளங்கள் இருக்கும் முத்துக்குளித்துறைக் கரைக்கு இந்தத் துருவல் புதிதல்ல. 1530களில் பரதவர்கள் திரளாகக் கத்தோலிக்க மறையைத் தழுவிய கரை இது; பிரான்சிஸ் சவேரியார் 1542இல் வந்தார். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் செயலை மட்டும் சொன்னால் போதாது. விஷயம் கனமானதாக இருக்க வேண்டும், முழு அறிவோடு செய்திருக்க வேண்டும், முழுச் சம்மதமும் இருந்திருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் சாவான பாவம். சந்தேகம் வந்தால் குருவானவர் கேட்டுத் தெளியலாம். கோடிங் செய்பவருக்கு அந்த வசதி இல்லை. நோயாளியை அவர் பார்த்ததே கிடையாது. மருத்துவர் எழுதாததை ஊகித்து எண் போடவும் கூடாது. மிஞ்சிப் போனால் மருத்துவருக்கு ஒரு கேள்வி அனுப்பலாம். ஆகவே அந்த நோயாளி ஏழையா, அலட்சியக்காரரா என்பது மருத்துவர் எழுதும் அரை வரியில் இருக்கிறது.

பழைய நூல்கள் என்ன சொல்கின்றன? மருத்துவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு எதையும் செய்யாத நோயாளிகளை, அறத்தைப் பேசிவிட்டுச் செய்யாதவர்களுக்கு உவமை காட்டினார் அரிஸ்டாட்டில். சரக சம்ஹிதை நோயாளியிடம் எதிர்பார்க்கும் குணங்களில் சொன்னபடி கேட்பதும் ஒன்று. திருக்குறளின் 95ஆம் அதிகாரமான ‘மருந்து’ பாரத்தை வேறு பக்கம் வைக்கிறது: நோயாளியின் அளவையும் நோயின் அளவையும் காலத்தையும் எண்ணிப் பார்த்துச் செய்வது கற்றவன் கடமை. அதன் கடைசிக் குறளுக்கு உரை எழுதும் பரிமேலழகர், நோயாளிக்கு வேண்டியவற்றை நான்காக அடுக்குகிறார். மருத்துவன் சொற்படி நிற்பது இரண்டாவதாகத்தான் வருகிறது. முதலில் வருவது பொருளுடைமை. கையில் காசு இருக்கிறதா என்று பார்க்காமல் கீழ்ப்படிதலைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை என்பது அந்த உரைகாரருக்குத் தெரிந்திருக்கிறது.

பணம் மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. குலசேகரன்பட்டினம் தசராவுக்கு மாலை போட்டவர்களில் பலர் ஒரு வேளைச் சாப்பாட்டோடு விரதம் இருப்பார்கள். மூன்று வேளை சாப்பாட்டை நம்பி எழுதிய சுகர் மாத்திரை அங்கே என்ன ஆகும்? ரமலானில் நோயாளிக்குக் குர்ஆனே விலக்கு அளித்திருந்தும் நோன்பை விட மனம் வராதவர்கள் எத்தனை பேர்! நம்பிக்கையின் பேரில் ஓர் அறுவை சிகிச்சையை மறுத்தால் அதற்கு இசட் 53.1 என்று தனி எண் உண்டு. மாத்திரையை விட்டால் ‘வேறு காரணம்’ என்ற குப்பைக்கூடைதான். நேர்ந்துகொண்டவர் உடம்பை அலட்சியம் செய்கிறார் என்பது அவசர முடிவு. உடம்பைவிடப் பெரியதென்று அவர் கருதும் ஒன்றுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். மருத்துவர் முன்கூட்டியே கேட்டிருந்தால் வேளையையும் அளவையும் மாற்றித் தந்திருக்கலாம்.

மருந்து சாப்பிடுகிறார்களா என்று சோதித்த அனுபவம் தமிழ்நாட்டுக்கு நிறையவே உண்டு. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வில், சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். நெருக்கடியான வீடுகளில் இருந்தபடியே ஏழைகள் ஏறக்குறைய சானடோரியத்துக்கு இணையாகக் குணமாக முடியும் என்று அந்த ஆய்வு காட்டியது. 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. வாசல்படி வரை வந்த பிறகும் ஒருவர் மாத்திரையை விடுகிறார் என்றால், ‘ஏன்’ என்று கேட்காமல் அவர்மேல் பழி எழுத யாருக்கும் உரிமை இல்லை.

மாத்திரையை விட்டவர்கள் மருத்துவரிடம் பொய் சொல்ல வேண்டாம். விட்டதையும், ஏன் விட்டோம் என்பதையும் சொல்லுங்கள். அந்தக் காரணத்தைச் சீட்டில் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.