நான்கனுள் மாணவரின் இடம்

மருத்துவம் பயில்வோர் நோயுற்றவரின் உடலைக் கொண்டே கற்க வேண்டியிருப்பதால், ஒருவரின் வேதனை மற்றொருவருக்குப் பாடமாவது அறமாகுமா என்ற கேள்வி மருத்துவக் கல்வியை விட்டு நீங்குவதில்லை. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பார்த்துக்கொள்பவர் என மருத்துவத்தை நான்காக வகுக்கிறது. சரக சம்ஹிதையும் இந்நான்கையே கூறுகிறது. இரண்டிலும் கற்பவருக்கென்று தனி இடமில்லை.

சிறுகுடல் அடைப்பு இக்கேள்வியைக் கூர்மையாக்கும் நோயாகும். எப்போதோ செய்த வயிற்று அறுவைக்குப் பின் குடல் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதாலோ, குடலிறக்கத்தாலோ, கட்டியாலோ, நம் நாட்டில் இன்னும் ஒழியாத குடல் காசநோயாலோ வழி அடைபடும்போது, விட்டுவிட்டு முறுக்கும் வலியும், வாந்தியும், வயிற்று உப்பலும், மலமும் வாயுவும் பிரியாத நிலையும் தோன்றுகின்றன. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்துத் தோப்புகளில் உழைப்பவர் இந்நிலையில் 40 கிலோமீட்டரோ அதற்கு மேலோ பயணப்பட்டு, 1966இல் தொடங்கப்பட்ட கோவை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கு வரும்போது, அவரது கட்டிலைச் சூழ்ந்து மாணவர்களும் நிற்கிறார்கள்.

ஒட்டுதலால் வரும் அடைப்பில், குடலுக்குச் செல்லும் இரத்தம் தடைப்பட்டதற்கான அறிகுறி இல்லையெனில், வாய்வழி உணவை நிறுத்தி, மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப் எனும் குழாயைச் செலுத்தித் தேங்கிய நீரை வெளியேற்றி, சிரையில் சலைன் ஏற்றிக் காத்திருப்பதே முதல் சிகிச்சை. பலருக்கு அறுவையின்றியே அடைப்பு விலகிவிடும். ஆனால் இரத்தவோட்டம் நின்றுபோனால் குடல் சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்கும் என்பதால், கண்காணிப்பு இல்லாத காத்திருப்பு கைவிடுதலே ஆகும். விட்டுவிட்டு வந்த வலி ஓயாத வலியாக மாறுவதும், நாடித்துடிப்பு ஏறுவதும், தொட்டால் வயிறு விறைப்பதும் ஒருமுறை பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியவை அல்ல. காலையில் தொட்ட கையே மாலையிலும் தொட்டால்தான் வேறுபாடு புலப்படும். பத்துப் பேர் வரிசையாக வந்து உப்பிய வயிற்றை அழுத்திச் செல்வது நோயாளிக்கு வலியை மட்டுமே தருகிறது. ஒரே மாணவர் திரும்பத் திரும்ப வந்து பார்த்து, கண்ட மாற்றத்தை உடனே மருத்துவரிடம் சொல்வது நோயாளியின் உயிரைக் காக்கவும் கூடும். அருகிருந்து பார்த்துக்கொள்பவராக மாறும் அளவுக்கே மாணவர் அந்நான்கனுள் இடம்பெறுகிறார்.

இதனினும் கடினமானது கூச்சம். வயது முதிர்ந்த பெண்களுக்குத் தொடையின் மேற்பகுதியில் தோன்றும் சிறு குடலிறக்கம் அடைப்புக்குக் காரணமாகலாம். சேலையை விலக்க அந்த அம்மாவும் தயங்கி, கேட்க மாணவரும் தயங்கினால், நெல்லிக்காய் அளவுள்ள அக்கட்டி யார் கண்ணிலும் படாமலே போய்விடும். திரையை இழுத்து, செவிலியர் ஒருவரை உடன் நிறுத்தி, பார்ப்பதன் காரணத்தை அந்த அம்மாவுக்குப் புரியும் சொற்களில் கூறி அனுமதி பெற வேண்டும். அவர் மாணவரை மறுத்தால் மாணவர் விலகிவிட, சிகிச்சை தரும் மருத்துவர் அப்பரிசோதனையைச் செய்ய வேண்டும்; மறுத்ததால் அவருக்குரிய கவனிப்பு சிறிதும் குறையலாகாது. வேறு மருத்துவமனைக்குச் செல்ல வசதியற்றவர் தரும் சம்மதத்தை முழுச் சுதந்திரத்தோடு தந்ததாகக் கொள்ள முடியாது என்பதால், அனுமதி கேட்டதோடு மாணவரின் கடன் தீர்ந்துவிடுவதில்லை.

2019இல் இந்திய மருத்துவப் பட்டப்படிப்பில் மனப்பான்மை, அறநெறி, உரையாடல் ஆகியவற்றுக்கெனத் தனிப் பாடப்பகுதி சேர்க்கப்பட்டது நல்ல தொடக்கம். எனினும் அது வகுப்பறையோடு நின்றுவிடாதிருக்க, தேர்வாளர்கள் அடைப்பின் காரணங்களை ஒப்பிக்கச் சொல்வதோடு, ஒரு நோயாளியின் வயிற்றை அடுத்தடுத்துப் பரிசோதித்து மாணவர் எழுதிவைத்த குறிப்பையும் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும்.