எவ்வளவு ஓட்டம் போதும்?

வீட்டில் பவளத் தொட்டி வைப்பவர் முதலில் கற்றுக்கொள்வது ஒரு வகுத்தல் கணக்கு. தொட்டியில் 200 லிட்டர் நீர். நீரை ஓடவைக்கும் பம்ப்பான வேவ்மேக்கர் மணிக்கு 4,000 லிட்டர் தள்ளும். ஆக மணிக்குத் தொட்டி நீரைப் போல 20 மடங்கு. மென்பவளத்துக்கு 10 முதல் 20 மடங்கு, அக்ரோபோரா போன்ற கிளைப்பவளத்துக்கு 40க்கு மேல் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கூடத்தில் இருக்கும் தொட்டியும் இந்தக் கணக்கில்தான் தொடங்கியது. பம்ப் வாங்க அது உதவும். அதற்கு மேல் அதை நம்பத் தேவையில்லை.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண், எதிரே தடையில்லாத புதுப் பம்ப்புக்கானது. தொட்டியிலோ பாறை நிற்கிறது. நாளாக ஆகப் பம்ப்பின் விசிறியில் சுண்ணப்பாசி ஏறுகிறது. ஒரு சாண் இடைவெளியில் இருக்கும் இரண்டு பவளங்களில் ஒன்று புயலிலும் மற்றது குட்டையிலும் இருக்கலாம். கணக்கு இரண்டுக்கும் 20 என்றே சொல்லும்.

மீனுக்கு ஓட்டம் பிடிக்காவிட்டால் பாறை மறைவுக்குப் போய்விடும். பவளத்துக்கு அந்த வசதி இல்லை. அதன் முகத்தைப் பார்த்துத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். டார்ச் பவளத்தின் விரல்கள் எந்நேரமும் ஒரே பக்கம் படிந்து கிடந்தால் ஓட்டம் அதிகம்; அப்படியே விட்டால் அதன் சதை தன் எலும்புக்கூட்டின் கூரான விளிம்பிலேயே உரசிக் கிழியும். கிளைகளுக்கு நடுவே கழிவு தங்கினாலோ, மணலில் கருஞ்சிவப்புப் படலம் படர்ந்தாலோ பெரும்பாலும் குறைவு. சில நேரம் அறிகுறியே ஏமாற்றும். லெதர் பவளம் அவ்வப்போது சுருங்கி, மெழுகு போன்ற ஒரு தோலை உரிக்கும். சுருங்கிக் கிடக்கிறதே, பாவம் என்று பம்ப்பைக் குறைப்பார்கள். அந்தத் தோலை அடித்துக்கொண்டு போகத்தான் அப்போது ஓட்டம் வேண்டும்.

இந்த 'பாவம்'தான் என்னை யோசிக்க வைக்கிறது. அசையாமல் இருப்பதைச் சுகம் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். பவளத்தின் மேல் மெல்லிய நீர்ப்படலம் ஒன்று எப்போதும் ஒட்டியிருக்கும். பகலில் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசி மிகுதியாக உண்டாக்கும் ஆக்சிஜன் அதைத் தாண்டி வெளியேற வேண்டும். இரவில் ஆக்சிஜன் அதைத் தாண்டி உள்ளே வர வேண்டும். ஓட்டம் குறைந்தால் படலம் தடிக்கும், இரண்டும் தடைப்படும். 1998இல் கடல் சூடாகிப் பல நாடுகளில் பவளங்கள் வெளுத்தன. அதையொட்டி ஒகினாவாவில் நகமுராவும் வான் வூசிக்கும் செய்து 2001இல் வெளியிட்ட ஆய்வில், அதே சூட்டை நல்ல ஓட்டத்தில் இருந்த பவளங்கள் தாங்கின. மந்தமான நீரில் இருந்தவை மடிந்தன. ஆனாலும் பல வேவ்மேக்கர்களில் இரவு நேரத்துக்கென்று ஓட்டத்தைத் தணிக்கும் வசதி வைத்திருக்கிறார்கள். தூங்குவது நாம், பவளத்துக்கு அதுதான் மூச்சு முட்டும் நேரம். நான் அந்தப் பொத்தானைத் தொடுவதில்லை.

எங்கள் வீட்டில் அம்மாவிடமும் அப்படித்தான். அவளை யாரும் எந்த வேலையும் செய்ய விட்டதில்லை. "இத்தனை வருஷம் உழைச்சது போதும், நீ சும்மா உட்காரும்மா." சமையல் பணிப்பெண் பொறுப்பு, சாமான்கள் செயலியில் வந்துவிடும். அம்மா சோபாவில் தொட்டியைப் பார்த்தபடி இருப்பாள். நிம்மதியாக இருக்கிறாள் என்று எல்லோரும் சொன்னோம்.

செங்கடலில் ஹெட்டிரோசீனியா என்றொரு மென்பவளம் உண்டு. ஏறக்குறைய ஓயாமல் கையை விரித்து மூடிக்கொண்டே இருக்கும். இவ்வளவு சக்தியை எதற்கு வீணாக்குகிறது என்பது வெகுகாலம் புதிராக இருந்தது. வேண்டிய ஓட்டத்தைத் தானே உண்டாக்கி, ஆக்சிஜனை வெளியே தள்ளிக்கொள்கிறது என்று 2013இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதைப் படித்த வாரம்தான், அடுக்கிவைத்த மசாலா டப்பாக்களை அம்மா மறுபடி இறக்கி அடுக்குவது என் கண்ணில் பட்டது. மடித்த துணியைப் பிரித்து மடிப்பதும்.

அம்மா பவளம் அல்ல, வாய் இருக்கிறது, கேட்கலாமே என்பீர்கள். கேட்டால் "எனக்கென்ன குறை" என்பாள். பவளத்தின் சிற்றுயிரான பாலிப்புக்கு இந்தப் பெருந்தன்மை கிடையாது. பிடிக்காவிட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இப்போது மீன் வாங்குவது அம்மாவின் வேலை. பஸ் ஏறித் தேக்கா சந்தைக்குப் போகிறாள். முதலில் முட்டி வலி என்றாள். பிறகு மீன்காரர் வஞ்சிரத்துக்குச் சொன்ன விலையைப் பற்றி ராத்திரி வரை பேசினாள். செவ்வாயும் வெள்ளியும் மட்டும் போதும் என்பது என் கட்சி. தினமும் போவேன் என்கிறாள். இன்னும் முடிவாகவில்லை.