எந்தத் தராசில் நிறுப்பது?

கல்யாண வீட்டில் விருந்துக்கு உட்காருகிறோம். உடல் பருத்த ஒரு சகோதரர் சஹனில் கை வைப்பதற்கு முன்பே, "இவருக்குத் தனி சஹன் வையுங்கள்" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரிக்கிறோம். ஒல்லியான இன்னொருவர் மூன்றாம் முறை பிரியாணி வாங்குவது நம் கண்ணில் படுவதில்லை. உடலைப் பார்த்து ஒருவருடைய நஃப்ஸை அளந்துவிட முடியுமா? இதை நாம் சிந்தித்துப் பார்க்க வேண்டும்.

உடலை அளப்பதே அவ்வளவு எளிதன்று. எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தை உயரத்தாலேயே பெருக்கி வரும் தொகையால் வகுப்பது இன்றுள்ள வழக்கம். 165 செ.மீ. உயரமும் 68 கிலோ எடையும் உள்ளவருக்கு ஏறத்தாழ 25 வரும். இக்கணக்கை 19-ஆம் நூற்றாண்டில் வகுத்த பெல்ஜிய நாட்டு கெத்தலே மருத்துவர் அல்லர். வானவியலும் கணிதமும் அறிந்தவர். 'சராசரி மனிதன்' எப்படியிருப்பான் என்று அறியவே அவர் முயன்றார். தனி மனிதரின் நோயை எடைபோட அதை அவர் செய்யவில்லை.

இக்கணக்குக்குத் தசையும் தெரியாது, கொழுப்பும் தெரியாது. புனே மருத்துவர் யாஜ்னிக், லண்டன் மருத்துவர் யுட்கின் ஆகிய இருவரும் 2004-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் தங்களையே எடுத்துக்காட்டாக வைத்தார்கள். இருவருக்கும் அளவு 22.3 தான். ஆனால் உடலில் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்! ஒரே எண்ணுக்குள் இரண்டு வேறு உடல்கள். நம் நாட்டவருக்கு ஒல்லியான தோற்றத்திலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்வதுண்டு. அதனால்தான் இடுப்புச் சுற்றளவையும் பார்க்கச் சொல்கிறார்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் எச்சரிக்கை கொள்ள வேண்டும்.

பருமனுக்குக் காரணமும் ஒன்றல்ல. பரம்பரை, தைராய்டு கோளாறு, சில மருந்துகள், தூக்கக் குறைவு, நாள் முழுதும் உட்கார்ந்த வேலை என்று பலவுண்டு. ஆகவே பருத்த உடல் பேராசைக்குச் சாட்சியமன்று. மெலிந்த உடல் பேணுதலுக்கு நற்சான்றுமன்று.

அப்படியானால் வயிறு நிறைய உண்டுவிட்டு, "எல்லாம் பரம்பரை" என்று இருந்துவிடலாமா? கூடாது. உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கை மூச்சுக்கு விட வேண்டும் என்று வழிகாட்டப்பட்ட சமுதாயம் நாம். நோன்பு திறந்தபின் பகலில் விட்டதையெல்லாம் இரவில் ஈடுகட்டுகிறவர், எந்த எடையுள்ளவராயினும், தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. இடுப்பை அளக்கும் நாடா அவரவர் இடுப்புக்கே உரியது. பிறருக்கு நன்மை நாடினால், தனியே, அன்பாக, மருத்துவரிடம் போகச் சொல்லலாம். சபையில் சிரிப்பது நஸீஹத் ஆகாது.

அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் மிஸ்வாக் குச்சி ஒடிக்க மரமேறினார்கள். காற்றில் ஆடை விலக, அவர்களுடைய மெலிந்த கால்களைக் கண்டு தோழர்கள் சிரித்துவிட்டார்கள். மீஸான் தராசில் அந்தக் கால்கள் உஹது மலையைவிடக் கனமானவை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். அன்று சிரிப்புக்குள்ளானது மெலிவு, இன்று பருமன். சிரிப்பவரின் தவறு அன்றும் இன்றும் ஒன்றே. தம் கையில் இல்லாத தராசைத் தூக்கிப் பிடிக்கிறார்.

கடையில் அளவு குறைத்துக் கொடுப்பது பாவமென்று நாம் அறிவோம். மனிதரை மதிப்பதில் அளவு குறைப்பது மட்டும் எப்படி ஆகுமாகும்? அடுத்த விருந்தில் அந்தச் சகோதரருக்கு நம் சஹனிலேயே இடம் கொடுப்போம். நம் கையை மட்டும் சற்று முன்னதாக எடுத்துக்கொள்வோம். அல்லாஹ் நம் அனைவருக்கும் அதற்கு தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.