இரட்சிப்பின் நிச்சயம்

‘நீங்கள் இரட்சிக்கப்பட்டுவிட்டீர்களா?’ கையில் துண்டுப்பிரசுரத்துடன் நம்மை அணுகும் கிறிஸ்தவ அன்பர் கேட்கும் கேள்வி இது. ‘நான் இரட்சிக்கப்பட்டவன்’ என்று அவர் தயக்கமின்றிச் சொல்லும்போது நம்மில் பலர் முகம் சுளிக்கிறோம். பல பிறவிகள் சாதனை செய்தாலும் கிட்டுதற்கு அரியது என்று சாஸ்திரங்கள் கூறும் முக்தியை இவர் பயணச்சீட்டுபோல் சட்டைப்பையில் வைத்திருக்கிறாரே, இது அகந்தையல்லவா? இப்படி நினைப்பது இயல்பே. ஆனால் அந்த முடிவு சற்று அவசரமானது.

கொல்கத்தாவில் பவானிபூர் என்றொரு பகுதி உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் லண்டன் மிஷன் சங்கத்தார் (நாகர்கோவில் பக்கத்தினர் எல்.எம்.எஸ். என்று அறிந்த அதே சங்கத்தார்) அங்கே தங்கிக் கல்விப்பணி செய்தார்கள். சுவிட்சர்லாந்திலிருந்து வந்த அல்போன்ஸ் லக்ருவா பாதிரியார் அவர்களுள் ஒருவர். அவருடைய மகள் ஹன்னா காதரின் முல்லன்ஸ் (1826–1861) கல்கத்தாவிலேயே பிறந்து, வங்காளியைத் தாய்மொழிபோல் பயின்றவர். 1852-இல் அவரது ‘பூல்மணி ஓ கருணார் பிபரண்’ வெளிவந்தது. வங்காள மொழியின் முதல் நாவல் அதுவே என்று கருதுவோரும் உளர். கதை என்ற அளவில் உபதேசம் சற்று மிகுதிதான்.

அதில் இரு வங்காளக் கிறிஸ்தவப் பெண்கள் வருகிறார்கள். பூல்மணியின் இல்லத்தில் அமைதியும் ஒழுங்கும் நிலவுகின்றன. கருணாவோ பெயரளவில் கிறிஸ்தவள். அவளுடைய வீடும் வாழ்வும் சீர்குலைந்து கிடக்கின்றன. பின்னரே மனம் திரும்புகிறாள். ஞானஸ்நானம் பெற்றுவிட்டோம் என்னும் நினைப்பு வேறு, இரட்சிப்பின் நிச்சயம் வேறு என்பதை ஆசிரியை இவ்விருவரைக்கொண்டு காட்டுகிறார். ‘உறுதி கிடைத்துவிட்டால் மனிதன் சோம்பிவிடமாட்டானா?’ என்று நாம் எழுப்பும் ஆட்சேபம் அவர்களுக்கும் தெரிந்தே இருந்தது.

அப்படியானால் அந்த நிச்சயம் எதைப் பற்றி நிற்கிறது? ஆடிப்பெருக்கில் அடித்துச் செல்லப்படும் ஒருவனை மற்றொருவன் நீந்திச் சென்று கரைசேர்க்கிறான் என்று வைத்துக்கொள்வோம். ‘நான் பிழைத்துவிட்டேன்’ என்று அவன் கூறுவது தற்புகழ்ச்சியாகுமா? இழுத்து வந்தவனின் கைவலிமைக்கல்லவா அது சாட்சி! இரட்சிப்பு நம் செயலுக்குக் கூலியன்று, அது கிருபையின் கொடை என்பது புராட்டஸ்டண்ட் சித்தாந்தம். கொடுத்தவனை நம்புவதால் கொடையை நம்புகிறார்கள்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி குருவாகப் பணியாற்றிய காலத்திலேயே மரணத்துக்கு அஞ்சினார். 1736-இல் அமெரிக்கா நோக்கிச் செல்கையில் கடலில் புயல் எழுந்தது. உடன்வந்த மொராவியச் சபையினர் கலங்காமல் கீர்த்தனம் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் உள்ளது தம்மிடம் இல்லை என்பதை அவர் அன்று உணர்ந்தார். 1738 மே 24 அன்று லண்டனில் ஒரு கூட்டத்தில் அமர்ந்திருக்கையில் அந்த நிச்சயம் அவருக்கு வாய்த்தது.

கத்தோலிக்கர் இவ்வளவு தூரம் செல்வதில்லை. தனிப்பட்ட இறைவெளிப்பாடு இன்றித் தன் இறுதி மீட்பை ஒருவன் ஐயமற அறிய முடியாது என்று டிரெண்ட் சங்கம் 1547-இல் வரையறுத்தது. அவர்கள் பேசுவது எதிர்நோக்கைப் பற்றி. 1431-இல் விசாரணை மன்றத்தில் ‘நீ இறையருளில் இருக்கிறாயா?’ என்று ஜோன் ஆஃப் ஆர்க்கைக் கேட்டார்கள். ஆம் என்றாலும் குற்றம், இல்லை என்றாலும் குற்றம். இல்லையெனில் இறைவன் என்னை அதில் சேர்க்கட்டும், இருப்பின் அதிலேயே காக்கட்டும் என்ற கருத்தில் எழுத்தறியாத அப்பெண் விடையிறுத்தாள்.

நமக்கும் இது புதிதன்று. சரணாகதியின் அங்கங்களுள் மகாவிசுவாசமும் ஒன்று என்று ஸ்ரீவைஷ்ணவ ஆசாரியர்கள் வைத்தார்கள். பாரத்தைப் பெருமாளிடம் ஒப்படைத்தவன் மார்பிலே கைவைத்து உறங்கலாம் என்பார்கள். குட்டி தாயைப் பற்ற வேண்டுமா, தாயே குட்டியைக் கவ்விச் செல்லுமா என்று குரங்கையும் பூனையையும் காட்டி அவர்களுக்குள் நடந்த வாதம் பெரிது. ஆனால் சரணடைந்தபின் கைங்கரியத்தை விட்டுவிடலாம் என்று இரு சாராரும் சொல்லவில்லை.

இனி, உறுதி என்பது உள்ளத்தில் உணரப்படும் இனிமைதானா என்ற கேள்வி எஞ்சுகிறது. பவானிபூரின் நேதாஜி பவன் மெட்ரோ நிலையத்திலிருந்து தெற்கே இரண்டாவது நிறுத்தம் காளிகாட். காளி கோயிலை ஒட்டியிருந்த யாத்திரிகர் விடுதியில் 1952-இல் அன்னை தெரசா ‘நிர்மல் ஹிருதய்’ இல்லத்தைத் திறந்தார். தெருவில் சாகக் கிடந்தவர்களை அங்கே கொணர்ந்து கழுவித் துடைத்தார். அந்த முகத்தைப் பார்த்தவர்கள், இவருக்கு இறைவன் எவ்வளவு அருகில் இருக்கிறார் என்று வியந்தார்கள். அவர் அழித்துவிடும்படி வேண்டிய கடிதங்கள் 2007-இல் நூலாக வெளிவந்தபோதுதான் உண்மை தெரிந்தது. பணி தொடங்கிய நாள்முதலாகவே உள்ளே இருள், பிரார்த்தித்தால் வெறுமை, ஆன்மா உண்டா, விண்ணுலகம் உண்டா என்றுகூட ஐயம். 1958-இல் சில வாரங்கள் மட்டும் அது விலகி, மீண்டும் சூழ்ந்தது.

1961-இல் ஜோசப் நாய்னர் என்ற யேசுசபைத் துறவியிடம் அவர் இதை எடுத்துரைத்தார். இறைவனுக்காக ஏங்கும் அந்த ஏக்கமே அவர் மறைவாக உள்ளே இருப்பதன் அடையாளம் என்று நாய்னர் விளக்கினார். அதன்பின் அந்த இருளையே நேசிக்கத் தொடங்கியதாக அன்னை எழுதினார். 1997-இல் மறையும்வரை 36 ஆண்டுகள். இருள் விலகியதாக அவர் எழுதவில்லை. நாள்தோறும் விடியலில் எழுந்து பிரார்த்தித்தார், பிறகு நோயாளிகளிடம் சென்றார்.