ஊழும் உருக்காலையும்

குற்றமென்று ஒன்றை இழைக்கவும் வயது வராத குழந்தை இரவெல்லாம் இழுப்பினால் தவிக்கும்போது, அதைப் பூர்வ ஜன்மத்துக் கர்மபலன் என்று சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்வது நம் பெரியோரிடம் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். அந்த ஆறுதலை நான் இகழவில்லை. கண்விழித்திருக்கும் தாய்க்கு அதுவும் ஒரு பற்றுக்கோடு. ஆனால் அமெரிக்காவின் யூட்டா பள்ளத்தாக்கில் நிகழ்ந்த ஒரு சம்பவம் அச்சித்தாந்தத்தை மிக விசித்திரமான முறையில் பரீட்சித்துவிட்டது.

இரண்டாம் உலக யுத்தகாலத்தில் அங்கே எழுந்த ஜெனீவா உருக்காலை, 1986 ஆகஸ்டில் தொழில் தகராறு காரணமாக மூடப்பட்டு, 1987 செப்டம்பரில் புதிய உடைமையாளரின் கீழ் மீண்டும் திறக்கப்பட்டது. குளிர்காலத்தில் மேலே வெப்பக் காற்று மூடிபோலக் கவிந்து புகையைக் கீழேயே நிறுத்திவிடும் அந்த மலைசூழ் பூமியில், ஆலை இயங்கிய குளிர்காலங்களில் ஆஸ்துமா முதலிய சுவாச நோய்களுக்காக மருத்துவமனையில் சேர்ந்த குழந்தைகளின் தொகை, அது மூடிக்கிடந்த குளிர்காலத்துத் தொகையைப்போல் இரண்டு மூன்று மடங்காக இருந்ததென்று ஆர்டன் போப் என்னும் பொருளாதாரப் பேராசிரியர் 1989-இல் எழுதினார். அவ்வூரார் பெரும்பாலும் புகையிலையை விலக்கிய மார்மன் சமயத்தினர் ஆதலால், பழியைச் சுருட்டின்மேல் போடவும் இடமில்லை. பிற்பாடு, அக்காலத்துக் காற்றின் தூசியைப் பிடித்துச் சேமித்திருந்த வடிதாள்களிலிருந்து எடுத்த சாரத்தை, இசைந்து முன்வந்தவர்களின் நுரையீரலில் செலுத்திச் சோதித்தபோது, ஆலை ஓடிய ஆண்டுகளின் தூசியே மிகுந்த அழற்சியை உண்டாக்கிற்று. இரும்பு, செம்பு, துத்தநாகம் போன்ற உலோகங்களும் அதிலேதான் மிகுதி.

ஊழ் என்பது ஆலையின் தொழில் தகராறுக்குச் செவிசாய்த்து நடக்குமா? செய்தவனே பலனை அனுபவிப்பான் என்பது கர்மக் கொள்கையின் ஆணிவேர். இங்கோ செய்தவர் ஒருவர், மூச்சுத் திணறியவர் வேறொருவர். அதுமட்டுமன்று, அந்த ஓராண்டு நிம்மதியும் எவருடைய புண்ணியத்தாலும் வந்ததன்று. குழந்தைகளை நினைத்து எவரும் ஆலையை மூடவில்லை. ஊதியமிழந்து வீட்டிலிருந்த தகப்பனின் பிள்ளை அக்குளிர்காலத்தில் சுகமாக உறங்கியிருக்கலாம் என்று எண்ணும்போது, இதைப் பாவக் கணக்கில் எழுதுவதா புண்ணியக் கணக்கில் எழுதுவதா என்று எனக்கு விளங்கவில்லை. எனினும், வினையைத் தேடி முற்பிறவிக்குப் பிரயாணப்படுமுன், இப்பிறவியிலேயே கண்முன் நிற்கும் கர்த்தாவை ஒருமுறை நோக்குவது பக்திக்கு விரோதமாகாது.

1986-க்கு முன் எழுந்த புகையை அறியாமையின் பாற்பட்டதென்று மன்னிக்கலாம். 1989-க்குப் பின் எழுந்ததை அவ்வாறு மன்னிப்பது கடினம். ஆலை 2001 வரை ஓடிற்று. இடையில் பழைய உலைகளை மாற்றிப் புகையைக் குறைத்தார்கள் என்பதையும் சொல்லாவிட்டால் அநீதியாகும்.