காண்டீபம் நழுவும் நேரம்



பெங்களூரில் மார்ச் மாதம் பிறந்துவிட்டால் சத்சங்கத்திற்கு வரும் தாய்மார்கள் கூறுவது ஒன்றே: "சுவாமிஜி, பிள்ளை நன்றாகத்தான் படித்திருக்கிறான். வினாத்தாளைக் கண்டதும் எல்லாம் மறந்துவிடுகிறதாம்." எஸ்.எஸ்.எல்.சி., பி.யு.சி., அதன்பின் சி.இ.டி. என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தேர்வுகள் வரும்போது இளநெஞ்சம் கலங்குவது இயல்பே.

கீதையின் முதல் அத்தியாயத்தைப் பாருங்கள். அங்கங்கள் தளர்கின்றன, வாய் உலர்கிறது, உடல் நடுங்குகிறது, காண்டீபம் கைநழுவுகிறது. யாருக்கு? துரோணரின் தலைமாணாக்கனுக்கு! அவனது துயரம் உறவினரைப் பற்றியது, தோல்வியைப் பற்றியதன்று என்பீர்கள். உண்மையே. ஆயினும், கற்ற வித்தை அனைத்தும் உள்ளே இருக்க, மனம் கலங்கியதால் கை செயலற்றுப் போனது என்பதைக் கவனியுங்கள்.

அர்ஜுனன் புலம்பத் தொடங்கியதும் பகவான் உடனே உபதேசிக்கவில்லை; அவன் பேசி முடித்து வில்லை எறிந்து அமரும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். பெற்றோராகிய நாம் இதைத்தான் செய்வதில்லை. குழந்தை "பயமாக இருக்கிறது" என்று வாய்திறக்கும் முன்பே அறிவுரை பொழிகிறோம். சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், தேர்வுக்குச் சற்றுமுன் 10 நிமிடம் தம் அச்சங்களைத் தாளில் எழுதிய மாணவர்கள், குறிப்பாக மிகவும் அஞ்சுபவர்கள், மேம்பட்ட மதிப்பெண் பெற்றனர். உள்ளக் கலக்கத்திற்கு வடிகால் கிடைத்தால் நினைவாற்றல் விடுபடுகிறது.

மனத்தை அடக்கும் வழியாக ஆறாம் அத்தியாயம் அப்பியாசத்தையும் வைராக்கியத்தையும் கூறுகிறது. திரும்பத் திரும்பப் படிப்பதை மட்டும் அப்பியாசம் என்று கருத வேண்டாம். புத்தகத்தை மூடிவைத்து, கடிகாரத்தை எதிரே வைத்து, பழைய வினாத்தாளுக்கு விடை எழுதிப் பழகுங்கள். தேர்வறை அன்னிய இடமாகத் தோன்றாது. நடுக்கம் வரும்போது மூச்சை மெல்ல, நீளமாக வெளிவிடுங்கள். முந்தைய இரவின் உறக்கத்தை எக்காரணத்தாலும் விற்றுவிடாதீர்கள்.

வைராக்கியம் என்பது அலட்சியமன்று. இந்த ஒரு நாளே வாழ்வின் முடிவு என்ற மயக்கத்தை விடுவது. கர்நாடகத்திலேயே 2024 முதல், ஒரே ஆண்டில் மீண்டும் தேர்வெழுதிச் சிறந்த மதிப்பெண்ணைக் கொள்ளும் வாய்ப்பு வந்தது.

உறக்கமும் உணவும் கெட்டு, குழந்தை நம்பிக்கையிழந்து பேசினால் தாமதியாதீர்கள். நம் நகரின் நிம்ஹான்ஸ் வழிநடத்தும் டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். பிரார்த்தனை செய்பவர் மருத்துவரை நாடலாகாது என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை.

தாய்மார்களே, தேர்வன்று காலை வாசலில் நின்று "எல்லாம் படித்தாயா?" என்று கேட்காதீர்கள். ஹால் டிக்கெட் பையில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, சிரித்த முகத்துடன் அனுப்பி வையுங்கள்.